நங்கூரம் போட்ட பிறகு ஒரு வேளைச் சாப்பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பர்களோடு பாய்மரப் படகில் கரையோரமாகப் பயணம் போவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தப் பயணத்தைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எழுதியவருக்குக் கடலின்மேல் ஆசை இருப்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்லியிருப்பது தவறு என்று நினைக்கிறேன். பிஸ்கட்டும் பாக்கெட் உணவும் போதும், பசித்தவர் பசித்தபோது எடுத்துக்கொள்ளட்டும், அடுப்பு மூட்டும் நேரத்தில் இன்னும் ஐந்து மைல் போய்விடலாம் என்கிறார். அந்த யோசனையை நாங்கள் ஒருமுறை பின்பற்றியிருக்கிறோம். அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற செவிலி. 19 ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது, நாங்கள் நால்வர் பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்றில் கரையை ஒட்டிப் போகிறோம். என் கல்லூரித் தோழி, அவளுடைய தம்பி, நாங்கள் மூவரும் அண்ணன் என்று அழைக்கும் மூத்த நண்பர் ஒருவர், பிறகு நான். சுக்கானை மாற்றி மாற்றிப் பிடிப்போம். அடுப்படி பெரும்பாலும் என்னுடையது. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஐந்தாவது பயணம் அது. ஒரு நாள் 32 கடல் மைல் போகவேண்டும் என்று குறித்திருந்தோம். எங்கள் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல் மைல், அதாவது 5 நாட் வேகத்தில் போகும். காலை 8 மணிக்குப் பாய் விரித்தால் மாலை மூன்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. மறுநாள் காலை அடுத்த துறைமுகத்தில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு எங்களுக்காகக் காத்திருப்பதாக ஏற்பாடு. அந்தத் தேதிதான் எங்கள் கழுத்தில் விழுந்த கயிறு.

முற்பகல் வரை பக்கக் காற்று, படகு வழுக்கிக்கொண்டு போனது. பதினொன்றரை மணிக்கு ஒரு முனையைச் சுற்றினோம். அதன் மறைவில் அழகான வளைகுடா, மணல் தரை, ஒதுங்கிய நீர். அங்கே நங்கூரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தோழி சொன்னாள். "இன்னும் பதினைந்தே மைல், போய்ச் சேர்ந்த பிறகு நிம்மதியாகச் சாப்பிடலாம்" என்று சொன்னது நான். ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். அண்ணன் அதையும் வேண்டாம் என்றார்.

சற்று நேரத்திலேயே காற்று முகத்துக்கு நேராகத் திரும்பியது. பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகப் போகாது. ஏறத்தாழ 45 பாகை சாய்த்து, இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டித்தான் முன்னேற வேண்டும். 15 மைல் தொலைவு அப்படிப் போனால் கணக்குப்படியே 21 மைலாகிவிடும். எதிர் அலை ஒவ்வொன்றும் படகை நிறுத்தி நிறுத்தி விட்டதில் வேகம் 3 நாட்டுக்கும் கீழே இறங்கியது. படகு சாய்ந்து கிடந்ததால் யாரும் உள்ளே போய் எதையும் சூடாக்க முடியவில்லை. முயன்ற தோழிக்குக் குமட்டல் வந்து மேலே ஏறிவிட்டாள். இரவு எட்டு மணிக்கு, எங்களில் யாரும் முன்பின் பார்த்திராத ஒரு நங்கூரத் துறைக்குள் இருட்டில் நுழைந்தோம்.

ஆழமானி 4 மீட்டர் காட்டியது. ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம். நாலைந்து இருபது என்று 20 மீட்டர் விட்டோம். நங்கூரம் பிடித்ததுபோல் இருந்தது. யாருக்கும் சமைக்கத் தெம்பில்லை. அவரவர் ஈர உடையோடு அவரவர் படுக்கையில் சாய்ந்துவிட்டோம். அன்றிரவு நாங்கள் நால்வரும் ஒருவருக்கொருவர் பேசியது பத்துச் சொல்லுக்கு மேல் இருக்காது.

இரண்டு மணிக்கு ஒரு சத்தம் என்னை எழுப்பியது. கல்லின்மேல் இரும்பை இழுத்தால் வரும் சத்தம். படகின் உடலே அதை வாங்கி அதிர்ந்தது. நங்கூரம் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மேலே ஓடிவந்து பார்த்தால், காற்றை நோக்கியிருக்க வேண்டிய அணியம், அதாவது படகின் முன்முனை, பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, பின்னால் வெள்ளை நுரை தெரிகிறது. அது பாறை. அண்ணன் இயந்திரத்தை முடுக்கினார். தம்பி கைவிளக்கோடு முன்னே ஓடிச் சங்கிலியை ஏற்றினான். சுக்கானின் கீழ் நுனி ஒருமுறை பாறையில் உரசியது. அதோடு பிழைத்தோம். ஆழமான நீருக்குப் போய் மறுபடி நங்கூரமிட்டு, விடியும்வரை முறைவைத்து விழித்திருந்தோம்.

தவறு எங்கே என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். நாங்கள் நுழைந்தபோது கடல் முழு வற்றத்தில் இருந்தது. ஆறு மணி நேரத்தில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) 3 மீட்டர் ஏறியது. 4 மீட்டர் ஆழம் 7 மீட்டராயிற்று. சங்கிலி தொங்கும் அணியம் நீர்மட்டத்துக்கு மேல் இன்னொரு மீட்டர். ஆக, கணக்குப் போட்டிருக்க வேண்டியது எட்டை ஐந்தால் பெருக்கி 40 மீட்டர். நாங்கள் விட்டது அதில் பாதி. ஐந்து மடங்கு என்று நம்பியது இரண்டு மணிக்கு இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. சங்கிலி தரையோடு படிந்து கிடைமட்டமாக இழுத்தால்தான் நங்கூரத்தின் நாக்கு மண்ணைக் கவ்வும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும்.

இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாதது அல்ல. தம்பி அன்று மதியமே ஓத அட்டவணையைப் பார்த்திருந்தான். மூன்று மீட்டர் ஏறும் என்று அவனுக்குத் தெரியும். காலையில் கேட்டேன். "சொல்ல வாயெடுத்தேன், அக்கா. நீங்கள் மூவரும் களைத்துப் போயிருந்தீர்கள். நீங்கள் எல்லாம் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் விட்டிருப்பீர்கள் என்று நினைத்து இருந்துவிட்டேன்" என்றான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற நாட்களில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். அந்த அரை மணியில் யாராவது ஒருவர் ஓதத்தைப் பற்றிப் பேச்செடுப்பார். அன்று அந்த அரை மணியை நான்தான் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

செவிலியாக முப்பது ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவள் நான். பசியும் களைப்பும் சேர்ந்தால் மனிதர் முதலில் இழப்பது கைப்பலத்தை அல்ல என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்கும் மனம்தான் முதலில் போகிறது. பணி மாறும்போது வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பதை நாங்கள் உயிராகக் கருதினோம். படகில் அந்த ஒப்படைப்பு நடக்கும் இடம் சாப்பாடுதான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: நாளுக்கு ஒரு வேளை, நங்கூரம் போட்ட பிறகு, நால்வரும் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிடுவது. தொலைவு அதற்கு விட்டுக்கொடுக்கட்டும்.

இதைச் சொன்னால், நடைமுறையில் எப்படி முடியும் என்று கேட்பார்கள். கரையோரக் கடலின் போக்கே இதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. வானிலை அமைதியாக இருக்கும் நாட்களில் விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறித் தரை சூடானதும் அது நின்று, கடலிலிருந்து தரைக்குக் காற்று எழும். பிற்பகலில் அதுதான் வலுவானது. பொழுது சாயச் சாய அடங்கிவிடும். விடியலில் கிளம்பினால் தரைக்காற்றும் கிடைக்கும், கடற்காற்றின் முதல் பாதியும் கிடைக்கும். 25 முதல் 30 மைலை ஆறு மணி நேரத்தில் முடித்து, வெளிச்சம் தாராளமாக இருக்கும்போதே நங்கூரத்துக்கு வந்துவிடலாம். தண்ணீருக்கடியில் மணல் எங்கே, பாறை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும் நேரம் அது. 50 மைல் போகவேண்டும் என்று துடிப்பவர் இருட்டிலிருந்து இருட்டுக்குப் போகிறார்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. படகின் அடுப்பு தரையில் பதிந்திருப்பதில்லை. இரு பக்கமும் முளைகளில் தொங்குகிறது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அடுப்பு மட்டும் சாயாமல் நிற்கும். சட்டியின் இருபுறமும் இரண்டு இரும்புக் கைகள் திருகி இறுக்கியிருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு அடுப்புதான் ஆடுவதுபோல் தோன்றும், உண்மையில் ஆடுவது நாம். ஆனால் இந்தத் தொங்கல் பக்கவாட்டுச் சாய்வுக்கு மட்டும்தான். அணியம் அலையில் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அதனிடம் மருந்தில்லை. ஆகவே சட்டி ஆழமாக இருக்கவேண்டும், பாதிக்குமேல் நிரப்பக்கூடாது. எவ்வளவு வெயிலானாலும் கொதிக்கும் சட்டி அருகே நிற்பவர் மழைக்கான நீர்புகாக் காற்சட்டையும் காலணியும் அணிந்திருக்கவேண்டும். கொதிநீர்க் காயங்களை நான் பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனை ஒரு நாள் தொலைவில் இருக்கும் இடத்தில் அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. எரிவாயு உருளையின் வால்வைச் சமையல் முடிந்ததும் உருளையிலேயே மூடவேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாது, படகின் அடிவயிற்றில் தேங்கிக்கொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

இதனால்தான் ஓடும்போது சமைப்பதை நாங்கள் குறைத்துவிட்டோம். கிளம்புமுன் ஒரு பெரிய குடுவையில் சூடான கஞ்சியோ சூப்போ ஊற்றி மூடி, சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுவேன். குமட்டுகிறவரை அடுப்பு வாசனைக்குள் இறக்கவேண்டிய அவசியம் வராது. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டத்தான் செய்யும்.

பொருட்களில் எனக்கு மிகவும் பிடித்தது முட்டைக்கோஸ். குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் நிற்கும். வெளி இலையை மட்டும் உரித்து உரித்துப் பயன்படுத்தவேண்டும், கத்தியால் பிளந்தால் ஆயுள் குறைந்துவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனியே, காற்றாட, வலையில் தொங்கவிடுவேன். கழுவாத, குளிர்பெட்டிக்குள் போகாத முட்டைகளும் பல நாட்கள் தாங்கும். ஐயமிருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதை விட்டுவிடலாம். தண்ணீரைத்தான் அளந்து புழங்கவேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கரையிலிருந்து விலகிய தூய நீராக இருந்தால், மூன்று பங்கு நன்னீருக்கு ஒரு பங்கு சேர்த்து உருளைக்கிழங்கு வேகவைக்கலாம். உப்பு போடவேண்டியதில்லை, நன்னீரும் மிஞ்சும்.

இன்னொன்றையும் கட்டுரை தொடவே இல்லை. நங்கூரத் துறையில் நாம் தனியாக இருப்பது அரிது. பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று படகுகள் கிடக்கும். பொழுது சாயும்போது யாராவது ஒருவர் துடுப்புப் படகில் வந்து, எங்கள் படகில் எல்லோரும் கூடுகிறோம், வாருங்கள் என்பார். போகிறவர் ஒரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொள்ளவேண்டும். கூடவே தன் தட்டு, தன் கோப்பை, தன் கரண்டி. எந்தப் படகிலும் அந்தப் படகின் ஆட்களுக்கு மேல் தட்டு இருக்காது. திரும்பும்போது அவரவர் தட்டை அவரவர் எடுத்துவந்து கழுவலாம், விருந்து வைத்தவரின் நன்னீர் செலவாகாது. ஆறு பேருக்கான இடத்தில் பதினொரு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அடுத்த வளைகுடாவின் வாயில் கடல் வரைபடத்தில் இல்லாத மணல்திட்டு ஒன்று இருப்பதை அப்படி ஒரு சாப்பாட்டில், மொழி சரியாகப் புரியாத ஒரு பெரியவர் மேசைமேல் தண்ணீரால் கோடிழுத்துக் காட்டினார். கோடு காய்வதற்குள் தம்பி அதைத் தாளில் இறக்கிக்கொண்டான். மறுநாள் அந்தத் திட்டுக்கு நூறு மீட்டர் விலகிப் போனோம். அலை அதன்மேல் உடைவது நன்றாகத் தெரிந்தது.

தலைவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் 1768இல் தொடங்கிய தம் முதல் பெரும் பயணத்தில், ஸ்கர்வி எனப்படும் சொறிகரப்பான் நோயைத் தடுக்கப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஏற்றிச் சென்றார். மாலுமிகள் அதைத் தொடவில்லை. அவர் கட்டளை போடவில்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் செய்து, வேண்டுமென்றால் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். ஒரு வாரத்துக்குள் அளவு வைத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. நான் அன்று பிஸ்கட் போதும் என்று சொன்னபோது அண்ணன் அதையும் மறுத்ததற்கு, எனக்கே சாப்பிட மனமில்லை என்பதை அவர் பார்த்ததுதான் காரணம் என்று பிறகு சொன்னார்.

கட்டுரையாளர் தனியாளாகப் போவதையே இந்தக் கலையின் உச்சம் என்கிறார். தனியாகப் போனவர்கள்மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஜோஷுவா ஸ்லோக்கம் 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பி, 1898இல் உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதரானார். அவர் படகு எங்களுடையதைவிட ஒரு மீட்டர்தான் கூடுதல் நீளம். அசோர்ஸ் தீவுகளை விட்டுக் கிளம்பியதும், அங்கே கிடைத்த பிளம் பழங்களையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறையின் தரையில் சுருண்டு விழுந்தார். வெளியே புயற்காற்று. கண்விழித்தபோது சுக்கானில் ஓர் ஆள் நிற்பதைக் கண்டார். கொலம்பஸின் பின்டா கப்பலின் மாலுமி என்று அந்த ஆள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டானாம். வலியில் கிடந்த அந்தத் தனிமனிதரின் மனம் தேடியது சுக்கான் பிடிக்க இன்னொரு கையை. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் நால்வரின் நினைவுதான் வந்தது.

கடைசியாக, கட்டாயம் திருத்தவேண்டிய ஒரு பிழை. "பாய்மரப் படகுக்கு எல்லாக் கலங்களும் வழிவிட வேண்டும்" என்று கட்டுரை சொல்கிறது. இதை நம்பி யாராவது கடலில் இறங்கினால் ஆபத்து. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 18ஆம் விதி, இயந்திரக் கலம் பாய்மரக் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்கிறது, உண்மை. ஆனால் அதே விதி, வலையோ தூண்டில் வடமோ போட்டு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்குப் பாய்மரக் கலம்தான் வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டுப்பாட்டை இழந்த கலத்துக்கும், செய்யும் வேலையால் திரும்ப முடியாத கலத்துக்கும் அப்படியே. முந்திச் செல்கிற கலம், அது பாய்மரமே ஆனாலும், விலகியே போகவேண்டும். குறுகிய கால்வாயில், அதற்குள் மட்டுமே போகமுடிந்த பெரிய கப்பலுக்குப் பாய்மரப் படகு குறுக்கே நிற்கக்கூடாது. பாய் விரித்திருந்தாலும் இயந்திரம் படகைத் தள்ளிக்கொண்டிருந்தால் அது இயந்திரக் கலம்தான். கரையோரம் போகிறவர் தினமும் சந்திப்பது மீன்பிடிப் படகுகளைத்தான். வலை போட்டவர் விலகமாட்டார், விலகவும் முடியாது. அது அவருடைய பிழைப்பு, நமக்கு அது பொழுதுபோக்கு.

அதே பக்கத்தில் சாப்பிட்ட குப்பையைக் கடலில் போட்டுவிடலாம் என்ற தொனியும் இருந்தது. பிளாஸ்டிக் எதையும் உலகின் எந்தக் கடலிலும், எவ்வளவு தொலைவிலும் போடக்கூடாது. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போலின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் இறுதியிலிருந்து அதைத் தடை செய்திருக்கிறது. உணவுக் கழிவைக்கூடக் கரையிலிருந்து 12 மைலுக்குள் அப்படியே கொட்ட அனுமதியில்லை. நாங்கள் போவதெல்லாம் அந்த 12 மைலுக்குள்தான். உரித்த வெங்காயத் தோல் உட்பட எல்லாம் மூடிபோட்ட வாளியில் கரைவரை எங்களோடு வரும்.

இடம் இல்லாவிட்டால் என் கதையை எல்லாம் வெட்டிவிடுங்கள். 18ஆம் விதி பற்றிய திருத்தத்தை மட்டும், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் பருவத்தில் முதல்முறை படகு எடுக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கத்தரித்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி